டீச்சரைக் கேளுங்கள்: இந்த முறை ஊர்ப் பள்ளிக்கூடம்

அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது சென்னை வில்லிவாக்கத்தில் வசிக்கும் டீச்சர் பதில் சொல்கிறார். சொந்த ஊர்ப் பள்ளியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் அதிகம் என்பதால் இந்த இதழில் அவை மட்டும். பலர் பெயர் வேண்டாம் என்றதால் வசிக்கும் இடத்தை மட்டும் போடுகிறோம்.

நாங்கள் 1991-ல் பிளஸ் டூ முடித்த செட். எங்கள் ஊர் அரசுப் பள்ளி நூறு வயதைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பேசி நாலரை லட்சம் சேர்த்துவிட்டோம். ரோட்டோரம் பெரிய வளைவு கட்டி எல்லோர் பெயரையும் கல்வெட்டில் போடலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், டீச்சர்?
- வாசகர், தாம்பரம்

வளைவு வேண்டாம் தம்பி. நான் வேலை பார்த்த பள்ளியில் இரண்டு வளைவு உண்டு. முதலாவதைப் பொன்விழாவுக்கு ஒரு செட் கட்டியது. அதைவிட அரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு செட் பக்கவாட்டுத் தெருவில் அடுத்ததைக் கட்டியது. அந்த வளைவுக்குள் நுழைந்தால் சைக்கிள் ஸ்டாண்டு, அவ்வளவுதான். அதே வருடம் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டப் பணத்துக்கு நான் ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். வளைவு திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போனை எடுக்கவில்லை.

பழைய மாணவர்கள் பள்ளிக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். முதலில் பீரோ. அதன் கதவில் சிவப்புப் பெயின்டில் எந்த வருட செட் என்று எழுதியிருக்கும். பிறகு பேச்சு மேடைக்கு மர டெஸ்க், மைக் செட், சுவர்க் கடிகாரம். எல்லாமே விழாவன்று மேடையில் வைத்துப் படம் எடுக்கத் தோதான பொருள்கள். ஃபினாயிலை யாரும் மேடையில் வைத்துக் கொடுப்பதில்லை. பள்ளிக்குத் தீராத தலைவலி அந்த ஃபினாயில்தான். கட்டடத்துக்கு அரசு பணம் தருகிறது, நபார்டு கடன் வருகிறது. தாமதமானாலும் வந்துவிடும். ஆயிரம் பிள்ளைகள் போகிற கழிப்பறையைத் தினமும் கழுவ ஆள் வைத்து, அந்த ஆளுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்கிறோமா என்பதில்தான் எந்த ஹெச்.எம்.மும் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

நாலரை லட்சத்தை வங்கியில் வைப்பாகப் போடுங்கள். ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 2,600 ரூபாய் சொச்சம் வரும். இந்தக் காலத்தில் அது பெரிய தொகை இல்லைதான். ஆனால் மோட்டார் காயில், குழாய் வாஷர், ஃபினாயில், துடைப்பம், நாப்கின் எரிக்கும் மெஷின் ரிப்பேர் என்று சில்லறைச் செலவுகளுக்கு ஹெச்.எம். யாரிடமும் கையேந்தாமல் இருக்கலாம். ஒரு பட்டதாரி (பி.டி.) டீச்சர் தன் பையிலிருந்து பணம் எடுத்து வாளி வாங்கிப் போடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். அது நின்றாலே உங்கள் செட் சாதித்த மாதிரி.

கொடுக்கும்போது யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நல்ல மனுஷராகவே இருந்தாலும் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அதன் வங்கிக் கணக்கு வழியாகச் செய்யலாம். இல்லையென்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ தளத்தில் உங்கள் பள்ளியையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

கல்வெட்டு ஆசையையும் நான் குறை சொல்லவில்லை. கொடுத்தவர் பெயரைச் சொல்வது நம் வழக்கம்தான். ஆனால் பெயரே போடாமல் பள்ளி நடத்திய ஊரும் நம்மிடம் இருக்கிறது. விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை பிடியரிசியில் நடந்த பள்ளி. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்று நடத்தினார்கள். அதே காமராஜர் முதலமைச்சரானதும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். அரக்கோணம் லோக்கலில் போகிறவர்களுக்குத் தெரிந்த கடம்பத்தூரில்தான் 1958-ல் அது ஆரம்பித்தது. பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் எழுதினார்கள். பெஞ்சு, கரும்பலகை, மணி, குடிதண்ணீர்ப் பானை என்று இருந்த அந்தப் பட்டியலைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் ஹெச்.எம்.மிடம் போய்ப் பட்டியல் கேளுங்கள். வளைவு அதில் இருந்தால் கட்டுங்கள். இருக்காது.

பழைய மாணவர் சந்திப்பில் ஆசிரியர்களுக்குச் சால்வைக்குப் பதில் வேறு என்ன போடலாம்?
- வாசகி, அண்ணா நகர்

எதுவும் போடாதீர்கள், உட்கார நல்ல நாற்காலி போடுங்கள். எழுபது வயதுக்காரரைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டு ஜரிகைச் சால்வை போர்த்துகிறீர்கள். என் வீட்டில் இருக்கும் சால்வைகளை வைத்து ஒரு கடை திறக்கலாம்.

என் குடும்பம் கொளத்தூரில் இருக்கிறது. பணி மாறுதலில் டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு வந்திருக்கிறேன். பிளஸ் டூவுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால் பாதிப் பேர் நாலரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். படிப்பில் அக்கறையே இல்லாத பிள்ளைகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
- முதுகலை ஆசிரியர், கொளத்தூர்

சார், அவர்கள் அக்கறை இல்லாமல் ஓடவில்லை, பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.

சென்னையில் ஒரு பஸ்ஸை விட்டால் பின்னால் இன்னொன்று வரும். நான் இருந்த ஊரில் நாலே முக்கால் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே முக்காலுக்கு. அதுவும் கடைசி இரண்டு கிராமத்துக்குப் போகாது, கூட்டு ரோட்டிலேயே திரும்பிவிடும். அங்கிருந்து கரும்புத் தோட்டத்து ஓரமாக ஒரு பெண் பிள்ளை ஏழேகால் மணிக்கு இருட்டில் நடக்க வேண்டும். எந்த அம்மா சம்மதிப்பாள்? இடையில் ஒரு மினி பஸ் ஓடும், ஆனால் அது தனியாருடையது, இலவச பஸ் பாஸ் அதில் செல்லாது. இலவச சைக்கிளும் பிளஸ் ஒன்னில்தான் வருகிறது, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கே ஒரு சார்ட் பேப்பரை எடுத்து, வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் நான்கு கேள்வி கேட்டு எழுதுங்கள்: எந்த ஊர், வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினாய், எந்த பஸ், காலையில் என்ன சாப்பிட்டாய். நாங்கள் அப்படி எழுதி ஸ்டாஃப் ரூமில் ஒட்டினோம். அதன் பிறகு எந்த ஆசிரியரும் தாமதமாக வந்த பிள்ளையை வெளியே நிற்க வைக்கவில்லை. அந்தச் சார்ட்டிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாலையில் ஓடுகிற அதே பிள்ளைகள் காலையில் எட்டேகாலுக்கே கேட்டில் நிற்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கும் பஸ் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது. வேப்ப மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றினோம். நோட்டில் கையெழுத்துப் போடும்போது ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் சுளிக்கவில்லை.

ஆனால் காலையில் வைத்தால் பசி வரும். முதலமைச்சர் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மதியச் சத்துணவு 1984-ல் இருந்து பத்தாம் வகுப்புவரை உண்டு, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கிடையாது. இது வெளியே பலருக்குத் தெரிவதில்லை. உடம்பு வளர்கிற வயதில், பொதுத் தேர்வு எழுதுகிற வருடத்தில், ஏழு மணிக்கு நீராகாரம் குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு கவளம் கிடையாது. டிபன் டப்பா கொண்டுவராதவர்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்பார்கள், சாப்பிட்ட மாதிரி. நீங்கள் கவனித்தால் தெரியும்.

நாங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசிச் சுண்டல் போட்டோம். அறுபது பிள்ளைகளுக்கு இரண்டரைக் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை போதும், முதல் நாள் இரவே ஊற வைத்துவிட வேண்டும். தேங்காய் போட்டால் வெயில் நாளில் சீக்கிரம் ஊசிப்போகிறது என்று சமையலம்மா சொன்னதால் நிறுத்திவிட்டோம். வெள்ளிக்கிழமை மட்டும் பாசிப்பயறு. இந்தச் செலவுக்கு, முதல் கடிதம் எழுதிய தாம்பரம்காரரைப் போன்ற ஆட்கள் உதவலாம்.

பஸ் நேரத்தையும் மாற்றக் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, தடம் எண், நேரம், எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று போட்டுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்திலும் கொடுங்கள். சும்மா ‘பஸ் வேண்டும்’ என்று எழுதினால் பதில் வராது. நாற்பத்தி மூன்று பிள்ளைகள் என்று எண்ணிக்கை போட்டால் வரும். பெற்றோர் கூட்டமும் அந்த பஸ் நேரத்தை ஒட்டியே வையுங்கள். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபிறகு எங்கள் கூட்டத்துக்கு அம்மாக்கள் வந்தார்கள். அதற்கு முன் எல்லா வீட்டுக்கும் பிரதிநிதி டீக்கடையில் இருந்து எழுந்து வரும் அப்பாதான்.

1974-ல் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். 2015 வெள்ளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகம் போய்விட்டது. பிறந்த தேதிக்கு அது வேண்டும் என்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு அப்புறம் பள்ளியில் ஏதாவது இருக்குமா?
- வாசகர், வேளச்சேரி

இருக்கும் ஐயா, கரையான் அரிக்காமல் இருந்தால். பள்ளியில் எதைத் தூக்கிப் போட்டாலும் போடலாம், சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் போடக் கூடாது என்பது விதி. நீங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று எழுதிய வரி அங்கே இருக்கும்: வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, கடைசிக் கட்டத்தில் டி.சி. வாங்கிய தேதியும் காரணமும். அந்தக் காலத்துப் பதிவேடு அரை ஆள் உயரத்துக்கு இருக்கும். காலிகோ அட்டை, தோல் மூலை. மை ஊறிப் பின்பக்கம் தெரியும். எங்கள் ரெக்கார்டு ரூமில் நாப்தலின் உருண்டை வாசனை சட்டையில் இரண்டு நாளைக்கு நிற்கும்.

சேர்ந்த வருடம் சரியாகத் தெரிந்தால் எழுத்தருக்கு வேலை பாதி குறையும். ‘எழுபதுகளில் எப்போதோ’ என்று போய் நிற்காதீர்கள். கூடப் படித்த ஒருவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, பதிவெண் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். முதலில் தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான எல்.டி.ஆர். எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மாற்றுச் சான்றுக்கு விண்ணப்பம் போக வேண்டும். அந்த இயக்ககம் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், எல்லோரும் டி.பி.ஐ. என்று சொல்கிற வளாகத்தில் இருக்கிறது. 2022-ல் இருந்து அதற்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர், ஆட்டோக்காரரிடம் டி.பி.ஐ. என்றே சொல்லுங்கள். படிவமும் கட்டணமும் இ-சேவை மையத்தில் தெரியும்.

ஒன்று மட்டும். புத்தகத்தில் இருந்த பிறந்த தேதிதான் திரும்பவும் வரும். உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அது நிஜத் தேதியாக இருக்காது. பிறப்புச் சான்றா இருந்தது அப்போது? வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று ஜூன் மாதத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு தேதியை அவரே போட்டுவிடுவார். தமிழ்நாட்டில் மே, ஜூனில் இத்தனை பேர் பிறந்தது அப்படித்தான். இப்போது போய் நிஜத் தேதியை மாற்றித் தாருங்கள் என்று ஹெச்.எம்.மிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. போகிற போக்கில் ஒரு கேள்வி: அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் இரண்டு வகை, நீங்கள் காம்போசிட் மேத்ஸா, ஜெனரலா?

எங்கள் தாத்தா ‘போர்டு ஹை ஸ்கூல்’ என்பார், அப்பா ‘ஜில்லா கழக உயர்நிலைப் பள்ளி’ என்பார், நான் படித்தபோது அரசு மேல்நிலைப் பள்ளி. மூன்றும் ஒரே பள்ளியா?
- வாசகி, மயிலாப்பூர்

ஒரே பள்ளிதான், கைமாறியது மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் 1884-ல் உள்ளாட்சி போர்டுச் சட்டம் வந்தது. நகராட்சி இருந்த ஊரில் நகராட்சியும், மற்ற இடத்தில் ஜில்லா போர்டும் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துக்கொண்டன. சந்தை கூடுகிற ஊராகப் பார்த்துச் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு ஹை ஸ்கூல் வைப்பார்கள். உங்கள் தாத்தா எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க எத்தனை மைல் நடந்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1958-ல் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்து ஜில்லா போர்டுகள் கலைந்தன. அந்தப் பள்ளிகளைப் பின்னால் அரசே எடுத்துக்கொண்டது. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய்ப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்ந்தது. உங்கள் பள்ளி ‘மேல்நிலை’ ஆனது அதனால்தான்.

ஹெச்.எம். அறையில் தலைமையாசிரியர் பெயர்ப் பலகை இருந்தால் பாருங்கள். கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ட். மேலே உள்ள பெயர்களுக்குப் பின்னால் பி.ஏ., எல்.டி. என்று இருக்கும். எல்.டி. என்பது அந்தக் கால ஆசிரியர் பயிற்சித் தகுதி. அவர்களில் பலர் அந்த எல்.டி.யை வாங்கியது நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில். 1856-ல் தொடங்கிய நிறுவனம் அது. மின்சார ரயிலில் சைதாப்பேட்டையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம், நான் போடுவதுண்டு.

நாங்கள் படித்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம். மனசே ஆறவில்லை. தடுத்திருக்க முடியாதா?
- வாசகர், போரூர்

பொதுப்பணித் துறை எஞ்சினியர் ‘பயன்படுத்தத் தகுதியற்றது’ என்று எழுதிக் கொடுத்தபின் அதில் ஒரு பிள்ளையை உட்கார வைக்க எந்த ஹெச்.எம்.முக்கும் துணிச்சல் வராது. வரவும் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து இடித்தார்கள். சில இடங்களில் நன்றாக இருந்ததையும் சேர்த்து இடித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். சுண்ணாம்புக் காரைச் சுவரும் தேக்கு உத்தரமும் இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார் இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. புதிதாகக் கட்டுவதுதான் டெண்டருக்குச் சுலபம்.

கட்டடம் போகட்டும். அடிக்கல் பலகை, மணி, அந்தப் பெயர்ப் பலகை, குரூப் போட்டோக்கள் எங்கே போயின என்று விசாரியுங்கள். உத்தரமும் ஓடும் ஏலத்தில் போகும்போது இவையும் சேர்ந்து போய்விடுவது உண்டு. இரும்புத் தண்டவாளத் துண்டில் அடித்த மணி ஒன்று எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை பி.இ.டி. மாஸ்டர்தான் எடைக்கு எடை பணம் கொடுத்து மீட்டு வந்தார்.

சென்னை வாழ்க்கை போதும் என்று சொந்த ஊருக்கே போகிறோம். மகளை ஆறாம் வகுப்பில் அங்குள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறேன். 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்று சொன்னாலும் என் மனைவி பயப்படுகிறார்.
- வாசகர், பெரம்பூர்

உங்கள் மனைவி பயப்படுவதில் தப்பில்லை. தப்பு நீங்கள் ஒதுக்கீட்டைக் காட்டி வாதாடுவதில்தான். பதினொரு வயதுக் குழந்தையை ஏழு வருடம் அனுப்பப் போகிற இடத்தை மெடிக்கல் சீட்டு கணக்கு போட்டா முடிவு செய்வது?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2020 சட்டப்படி அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்து, நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம். 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது. ஐந்தாம் வகுப்புவரை சென்னையில் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் பரவாயில்லை, ஆறில் இருந்து அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு வருடம் வெளியே போய் வந்தாலும் சிக்கல். இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கில்தான் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும். 2012-13-ல் இருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியதால் பல பெற்றோர் யோசிக்காமல் அதில் போடுகிறார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு தட்டில் வையுங்கள். அந்தச் சான்று கேட்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் என் அறை வாசலில் நிற்கும் வரிசை எனக்குத் தெரியும்.

இப்போது பயத்துக்கு வருவோம். இருவருமாக ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், மதியம் பன்னிரண்டரை மணிவாக்கில் பள்ளிக்குப் போங்கள். உங்கள் மனைவி கழிப்பறையைப் பார்க்கட்டும். தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா. நீங்கள் நூலக அலமாரியைப் பாருங்கள். பூட்டில் துரு ஏறியிருந்தால் அது திறக்காத அலமாரி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை நிறுத்தி உங்கள் கணக்கு டீச்சர் பெயர் என்ன என்று கேளுங்கள். உடனே சொன்னால் டீச்சர் வருகிறார் என்று அர்த்தம். யோசித்தால் அந்த இடம் காலியாகவே இருக்கலாம், அதை ஹெச்.எம்.மிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் சேருங்கள். சரியில்லை என்றால் இந்த டீச்சர் சொன்னார் என்று குழந்தையைக் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளைத் தனியாரில் சேர்க்கிறார்களே என்று உங்கள் மனைவி கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் நான் வேலை பார்த்த பள்ளியில்தான் படித்தார்கள், அதற்காக என்னைப் பைத்தியக்காரி என்ற சக ஆசிரியர்களும் உண்டு.

எங்கள் பள்ளியில் படித்த பிரபலம் என்று யாருமே இல்லை. கும்பகோணம்காரர்கள் ராமானுஜன் என்கிறார்கள், ராமநாதபுரத்துக்காரர்கள் கலாம் என்கிறார்கள். நாங்கள் எதைச் சொல்வது?
- வாசகர், குரோம்பேட்டை

ராமானுஜன் படித்த டவுன் ஹை ஸ்கூலிலும், கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளியிலும் அதே வருடம் கூட உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாருக்காவது தெரியுமா? மதுரை சேதுபதி பள்ளியில் பாரதியார் 1904-ல் தமிழாசிரியராக இருந்தது சில மாதம்தான். அந்தச் சில மாதத்தை அவர்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சொல்லட்டும். திருவாரூரில் சேர்க்க மாட்டேன் என்ற தலைமையாசிரியரிடம், கமலாலயக் குளத்தில் குதித்துவிடுவேன் என்று மிரட்டி இடம் வாங்கிய பையன் பின்னால் முதலமைச்சரானார். சேர்க்கையின்போது அழுது அடம்பிடிக்கும் பையன் யாரைப் பார்த்தாலும் எனக்குக் கலைஞர் ஞாபகம் வரும், பாதிப் பேருக்கு அதனாலேயே இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியிலும் பிரபலம் யாரும் இல்லை. ஆனால் அந்தத் தாலுகாவில் கரண்ட் போனால் ஏறுகிற லைன்மேன் எங்கள் மாணவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நர்ஸ் எங்கள் மாணவி, ஒன்பதாம் வகுப்பில் ஊசி என்றால் மயங்கி விழுந்தவள். வி.ஏ.ஓ., கூட்டுறவு வங்கிக் காசாளர், பஸ் கண்டக்டர், பத்திர எழுத்தர் என்று ஊரே எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்து இறங்கி வந்ததுதான். 2017-ல் அரசு பொதுத் தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது நல்ல காரியம். அதுவரை ஒவ்வொரு மே மாதமும் ‘மாவட்ட முதலிடம்’ ஃபிளெக்ஸில் எங்கள் ஊர்ப் பெயர் வராததற்கு டீக்கடையில் எனக்குப் பேச்சு விழும்.

ஊருக்குப் போகும்போது நான் படித்த வகுப்பறையை ஒரு தடவை பார்க்க ஆசை. நேரே உள்ளே போகலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

போகலாம் அம்மா, ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு. ஆனால் செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு நடக்கிற பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் வேண்டாம். உள்ளே விடமாட்டார்கள். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனால் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். பேச விருப்பமில்லை என்றால் பத்து மணிக்கு மேல் போங்கள். பெண் பிள்ளைகளை நிறுத்தி செல்ஃபி எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், அது இப்போது பள்ளிக்குப் பெரிய தொந்தரவு. கையில் பிஸ்கட் பாக்கெட்டும் வேண்டாம். எவ்வளவு வாங்கினாலும் ஆயிரம் பிள்ளைக்குக் காணாது, கிடைக்காதவர்களைச் சமாதானப்படுத்தும் வேலை அன்றைக்கு முழுக்க பி.இ.டி. மாஸ்டர் தலையில் விழும்.